வில்மா அத்தையின் தண்ணீர் மாத்திரை

செகெட்,
பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அக்கா பிரோஷ்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவதற்காக முதலில் என்னை மன்னித்துவிடு. இந்த விஷயத்தை இனிமேல் எடுக்கவே கூடாது என்று நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. "உன் எலிக் கதைய என்கிட்ட அளக்காத சரோல்தா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். மறுபடி போன் செய்தால் மறுபடி வைத்துவிடுவாய். வைக்காவிட்டாலும் நான் பாதியிலேயே பேச்சை விட்டுவிடுவேன், உனக்கே தெரியும். கடிதம் என்றால் நீ கிழித்துப் போடலாம். ஆனால் முழுதும் படித்த பிறகுதான் கிழிப்பாய். பிடிக்காத சூப்பைக்கூடக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் திட்டுவாய் நீ.

முதலில் வீட்டுச் செய்தி. போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. பனி முழுதாக உருகுவதற்குள்ளேயே அறுவடை இயந்திரத்தைப் பிரித்துக் கொட்டகை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார். எந்தப் போல்ட்டையும் யாரும் நகர்த்தக் கூடாதாம். கோழி நகர்த்திவிட்டது என்று கோழியோடு சண்டை. அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் கறுப்புக் கசகசா தூவிய நூடுல்ஸ் போட்ட அன்று பிள்ளைகள் எல்லோரும் கறுத்த பல்லோடு சிரித்தார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும், "பெரியவ போன் பண்ணாளா?" என்று கேட்டாள். பண்ணினாள், நன்றாக இருக்கிறாள் என்று சொன்னேன். அதற்கு மேல் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. நீ பயப்பட வேண்டாம்.

ஆனால் ஒன்றைப் பார்த்தேன். சந்தைக்குப் போகும்போது குழந்தைத் துணிக் கடை வரும் இடத்தில் அம்மா சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள். குழந்தை பிறப்பதற்கு முன்னால் எதையும் வாங்கக் கூடாது என்பது எல்லோர் வீட்டிலும் இருக்கிறதுதான். அம்மா அந்தப் பக்கம் பார்க்கக்கூட மாட்டேன் என்கிறாள். சேறாக இருந்தாலும் கடக்கிறாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேயே நிறுத்திவிடாதே.

மார்ச் முடிவதற்குள் மருத்துவமனைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாய். உறைய வைத்திருக்கும் கடைசிக் கருவை இனி வைத்திருக்க வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடப் போகிறேன் என்றாய். இரண்டு முறை வைத்து இரண்டும் ஒட்டவில்லை, இதை மட்டும் எதற்குக் கொண்டுவந்து கொல்ல வேண்டும் என்று கேட்டாய். பிறகு, "நான் ஒரு நான்ஸ்டிக் சட்டிடி. என்னத்தப் போட்டாலும் வழுக்கிக்கிட்டு வந்துரும்" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் கூடச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. அன்று நான் போன் செய்ததே உன்னிடம் ஒன்றைச் சொல்லத்தான். நீ முந்திக்கொண்டாய்.

இது உனக்கு ஆறுதல் சொல்லும் கடிதம் இல்லை. எனக்கு ஆறுதல் சொல்ல வராது. எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் உனக்குத் தெரியாமல் நீ கையெழுத்துப் போடக் கூடாது. அவ்வளவுதான்.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று உனக்கு ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. அப்பா தெருவில் போகிறவர்களிடமெல்லாம், "எங்க சின்னவ செகெட்ல எலிக்குப் பிரசவம் பாக்குறா" என்று சொல்கிறார். அது முழுப் பொய்யும் இல்லை. நாங்கள் பார்ப்பது பிரசவத்துக்கு ரொம்ப முந்தியது. கரு கருப்பைக்கு வந்து சேர்ந்த பிறகு சுவரில் ஒட்டிக்கொள்கிறதே, அந்தக் கொஞ்ச நேரம். என் படிப்பு முழுதும் அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான்.

கரு வந்ததும் ஒட்டிக்கொள்ளும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை அக்கா. கருப்பையின் இரு சுவர்களுக்கும் நடுவே மெல்லிய நீர் இருக்கிறது. கரு முதலில் அதில் மிதக்கிறது. மிதக்கும் வரைக்கும் ஒட்ட முடியாது. சரியான சமயம் வரும்போது சுவர் அந்த நீரைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. இரு சுவர்களும் நெருங்கி வருகின்றன. நடுவில் இருக்கும் கருவை அணைத்துப் பிடித்துக்கொள்கின்றன. இந்த அணைப்பு நடந்தால்தான் மற்றதெல்லாம்.

நீரை எப்படி இழுக்கிறது என்று கேட்பாய். அம்மா வெள்ளரிக்காய் சாலட் செய்யும்போது சீவிய துண்டுகளில் உப்பைத் தூவி வைப்பாளே, சற்று நேரத்தில் கிண்ணம் தண்ணீராகிவிடும். உப்பு எங்கே போனாலும் தண்ணீர் அதைத் தேடிப் போகும். கருப்பைச் சுவரின் செல்களிலும் இதே கதைதான். உப்பு நுழைவதற்கென்று கண்ணுக்குத் தெரியாத வாயில்கள் இருக்கின்றன. தண்ணீர் நுழைய வேறு வாயில்கள். உப்பு வாயில் திறந்து உப்பு உள்ளே போனால் தண்ணீரும் தன் வழியில் பின்னாலேயே போய்விடும். இதற்கு எதிராக, உப்பை வெளியே தள்ளி நீரைச் சுரக்க வைக்கும் வாயில்களும் உண்டு. எது எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்பதைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. கரு சும்மா காத்திருப்பதில்லை. அது தானாகவே ஒரு நொதியைச் சுரக்கிறது. அது பட்டதும் சுவரின் உப்பு வாயில்கள் இன்னும் நன்றாகத் திறக்கின்றன. உப்பு பாய்ந்ததும் செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது. அதைத் தொடர்ந்து வேறு வாயில்கள் திறக்கின்றன. செய்தி உள்ளே போகிறது. சுவர் இடம் கொடுக்கத் தயாராகிறது. ஒரு மணல் பொடி அளவுகூட இல்லாத ஒன்று, கதவைத் தட்டி, நான் வந்திருக்கிறேன் என்று சொல்கிறது. முதல்முறை இதைப் படித்தபோது நூலகத்தில் உட்கார்ந்து உன்னை நினைத்துக்கொண்டேன். உனக்கு முதல் கரு வைத்து ஒட்டாமல் போயிருந்த சமயம் அது. அன்று உனக்கு எழுதியிருக்கலாம். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இனி அந்த மருந்து. உப்பு வாயிலை அடைக்கும் மருந்து ஒன்று உண்டு. அமிலோரைடு என்று பெயர். எலிக்குக் கருப்பை இரண்டு கொம்பு போலப் பிரிந்திருக்கும். ஒரு கொம்பில் அமிலோரைடு கலந்த கரைசலைச் செலுத்துவோம், மற்றதில் வெறும் உப்புநீரை. பிறகு வால் ரத்தக்குழாயில் ஒரு நீலச் சாயத்தை ஏற்றினால், கரு ஒட்டிய இடம் மட்டும் நீலமாகத் தெரியும். உப்புநீர் விட்ட பக்கம் நீல மணிகளைக் கோத்தது போல வரிசையாக இருக்கும். மருந்து விட்ட பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். எப்போதும் இல்லை, சில எலிகளில் அந்தப் பக்கமும் ஒன்றிரண்டு நீலம் தென்படும். எலிகளைக் கொன்று எண்ணுகிறாயே, உனக்கு மனசு வருகிறதா என்று ஒருமுறை கேட்டாய். வருவதில்லை. வெறுமையாக இருக்கும் பக்கத்தைப் பார்க்கும்போது கொஞ்சமும் வருவதில்லை. ஆனாலும் பார்க்கிறேன்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தக் கரைசலைத் தயாரித்து, புட்டியில் அமிலோரைடு என்று என் கையாலேயே எழுதி ஒட்டுகிறேன். அதனால் அந்தப் பெயரை எங்கே பார்த்தாலும் என் கண் நின்றுவிடும்.

உன் மாமியார் வில்மா அத்தை வீட்டில் பன்றி வெட்டிய நாளை நினைத்துப் பார். நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் நான் பார்த்ததை நீ பார்த்திருக்க மாட்டாய். விடிந்ததும் முற்றத்தில் பன்றியைப் பொசுக்கி, எல்லோருக்கும் ஆளுக்கொரு சிறு கிளாஸ் பிளம் சாராயம் கொடுத்து, வேலை ஆரம்பித்தார்கள். குடலைக் கழுவும் வேலை என் தலையில் விழுந்தது. கெல்லேர்ட் அத்தான்தான் அதைத் தள்ளிவிட்டார். "கொழுந்தியா தினமும் அதத்தானே அறுக்குறா. சம்பளமில்லாம இங்கயும் அறுக்கட்டும்" என்றார். "எலிக் குடல்ல சாசேஜ் போட்டா எவ்வளவு நீளம் வரும்?" என்று அவருடைய பெரியப்பா கேட்டார். "உங்க வாய அடைக்கிற அளவுக்கு வரும் மாமா" என்று நீதான் எனக்காகப் பதில் சொன்னாய். எனக்கு வாயில் வந்தது, ஆனால் வெளியே வரவில்லை. எப்போதும் போல நீ சொன்னாய்.

சாயங்காலம் வரைக்கும் எல்லோரும் உப்பையும் மிளகாய்த் தூளையும் ருசி பார்த்தார்கள். சாசேஜ் கலவையில் உப்பு போதுமா, ரத்தக் குழம்பில் போதுமா, பொரித்த கொழுப்பில் போதுமா என்று ஆளாளுக்கு விரலால் எடுத்து நக்கியபடி இருந்தார்கள். அக்கம்பக்கத்துக்கு ருசித் தட்டுகள் போயின, அவர்கள் வீட்டிலிருந்து ஊறுகாயோடு திரும்பி வந்தன. இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பாதிப் பேருக்கு மோதிரம் கழலவில்லை. உன் கணுக்கால் காலுறைக்கு மேல் பிதுங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வில்மா அத்தை, உடம்பில் தேங்கும் நீரை இறக்கும் தன் தண்ணீர் மாத்திரை டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்துவந்தார். "உப்புத் தின்னவங்க எல்லாரும் கைய நீட்டுங்க" என்றார். மிட்டாய் கொடுப்பது போல ஆளுக்கொன்று வைத்துக்கொண்டே போனார். பெரியப்பா ஒன்றை வாங்கி, "காலைலயே பன்னிக்கும் ஒண்ணு குடுத்திருந்தா கறி இவ்வளவு தண்ணி விட்டிருக்காதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை உன் கையில் இரண்டு வைத்தார்.

"இவளுக்கு ரெண்டு. ஊசி போட்டுக்கிட்ட ரெண்டு தடவையும் கால் பொங்குன மாவாட்டம் ஆயிடுச்சே. நான்தான் டப்பாவோட குடுத்தனுப்பினேன். அப்புறம் ஒரு நாளாவது ஷூ கடிச்சுதா, சொல்லு கண்ணு" என்றார். "இல்ல அத்தை. தினமும் ஒண்ணு போட்டுக்கிட்டேன். இல்லாட்டி லாண்டரி வேலைல நிக்கவே முடிஞ்சிருக்காது" என்றாய் நீ.

டப்பா என் பக்கம் வந்தது. எனக்கு வேண்டாம் என்று சொல்லித் திருப்பித் தரும்போதுதான் அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். இரண்டு மருந்துப் பெயர்கள். அதில் ஒன்று அமிலோரைடு.

அக்கா, நான் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. மேசையைச் சுற்றி அவ்வளவு பேர். தன் மருமகளுக்கு அன்போடு கொடுத்த ஒன்றை, அதைக் கொடுத்தவர் கையில் டப்பா இருக்கும்போதே, விஷம் போலச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது உண்மையா என்றும் எனக்குத் தெரியாது. எலியில் நடந்தது மனுஷியில் நடக்குமா? கருப்பைக்குள் நேரே விடுவதும் மாத்திரையாக விழுங்குவதும் ஒன்றா? தெரியாத ஒன்றைச் சொல்லி உன் இரண்டு கருக்களையும் யார் தலையிலாவது கட்டிவிட எனக்கு உரிமை இல்லை.

மறுநாள் நான் கிளம்பும்போது வில்மா அத்தை என்னைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டார். பைக்குள் சாசேஜ் வைத்துக் கட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்திப் பேசினார். "நீ பெரிய படிப்பெல்லாம் படிக்கிற பொண்ணு. எனக்குக் கேக்க வெக்கமா இருக்கு. அந்த எலிங்களுக்கு என்னத்தையோ குடுக்குறீங்களாமே. அதுல கொஞ்சம் நம்ம பிரோஷ்காவுக்கும் குடுக்கக் கூடாதா? எலிக்கு ஆகுறது இவளுக்கு ஆகாதா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பி, ஜாடிகளின் மூடியை ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இறுக்கமாக இருந்த மூடிகள்.

நாங்கள் எலிகளுக்குக் கொடுப்பதை அவர் உனக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். இதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? பையை வாங்கிக்கொண்டு, நன்றி அத்தை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வழி நெடுகப் பேருந்தில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். தெரியாது என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது, தெரிந்தவர்களிடம் கேட்டுவிட வேண்டும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் திங்கட்கிழமை கூட்டம் நடக்கும். இரண்டு வருடமாகப் போகிறேன். கேட்டால் பதில் சொல்வேன், நானாக வாய் திறந்தது கிடையாது. மற்றவர்களின் அப்பா அம்மாவெல்லாம் டாக்டர், வாத்தியார். அவர்கள் பேசும்போது நடுவில் மூச்சுவிடும் இடமே எனக்குத் தெரிவதில்லை. அந்த வாரம் எங்கள் தலைவரான கொர்னேலியா மேடம் கூட்டத்தை முடிக்கப் போகும்போது கையைத் தூக்கினேன். தண்ணீர் மாத்திரையாக அமிலோரைடு விழுங்கும் ஒரு பெண்ணுக்குக் கரு ஒட்டுவதில் அது குறுக்கே வருமா என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

ஆர்மின் என்று ஒருவன் இருக்கிறான், எங்களில் மூத்தவன். "என்ன சரோல்தா, உங்க ஊர் எலிங்க மாத்திரையெல்லாம் முழுங்குதா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் நானும் வழக்கம் போலப் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். ஆனால் உன் கணுக்கால் நினைவுக்கு வந்தது. "எலி இல்ல. எங்க அக்கா" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஆர்மின் மன்னிப்புக் கேட்டான். பிறகு நேர்மையாகவே யோசித்துச் சொன்னான். மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, பெரும்பகுதி சிறுநீரகத்தில் வேலை செய்துவிட்டுப் போய்விடும், கருப்பைக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்று தனக்குத் தெரியாது என்றான். கொர்னேலியா மேடமும் அவன் சொல்வது சரிதான் என்றார். நாங்கள் விடுவது நேராகக் கருப்பைக்குள், அந்த அளவையும் இந்த அளவையும் ஒப்பிடவே முடியாது என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "உங்க அக்காவோட டாக்டருக்கு இந்த மாத்திரை விஷயம் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றுதான் நினைக்கிறேன் என்றேன். "அப்புறம் இங்க எங்ககிட்ட என்ன கேட்டுக்கிட்டு இருக்க?" என்றார்.

கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாக நிறுத்தி இன்னொன்றும் சொன்னார். "போய்ச் சொல்லு. ஆனா நம்பிக்கைய விக்காத. தெரிஞ்சத மட்டும் சொல்லு, தெரியாதத தெரியாதுன்னு சொல்லு. ஏற்கெனவே ரெண்டு தடவ உடைஞ்ச பொண்ணு அது."

அதனால் தெரியாததையும் சேர்த்தே எழுதுகிறேன். அந்த மாத்திரையால்தான் ஒட்டவில்லை என்று நான் சொல்லவில்லை. யாராலும் சொல்ல முடியாது. கருவிலேயே குறை இருந்திருக்கலாம். சமயம் தவறியிருக்கலாம். எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடியாமலும் போகும், அப்படித்தான் நிறையப் பேருக்கு நடக்கிறது. தண்ணீர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பிள்ளை பெற்றவர்களும் இருப்பார்கள். மாத்திரையை விட்டுவிட்டால் மூன்றாவது கரு ஒட்டிவிடும் என்று நான் சொன்னால் அது பொய். உன்னிடம் அப்படி ஒரு பொய்யைச் சொல்லமாட்டேன்.

ஆனால் இது மட்டும் உண்மை. உன் டாக்டர், வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டபோது ஃபோலிக் அமிலம் மட்டும் என்று நீ சொன்னதாக நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். நீ மறைக்கவில்லை. நம் ஊரில் தண்ணீர் மாத்திரையை யார் மருந்து என்று நினைக்கிறார்கள்? இருமல் மிட்டாய் மாதிரி அது பாட்டுக்கு மேசையைச் சுற்றி வருகிறது. டாக்டர் கேட்கும்போது நமக்கு அது நினைவுக்கே வராது. கால் வீங்கியதையும் நீ சொல்லியிருக்க மாட்டாய், வீக்கம்தான் மாத்திரையில் போய்விட்டதே. ஆக, அந்த இரண்டு முறையும் உன் உடம்பில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று முழுதாகத் தெரியாமலேதான் அவர் வைத்தியம் பார்த்திருக்கிறார். நீயும் முழுதாகத் தெரியாமலேதான் உன்மேல் தீர்ப்புச் சொல்கிறாய்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு முடிவைக் கொண்டுபோனால் மேடம் திருப்பி அனுப்பிவிடுவார். கலந்திருந்த ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறாய், இதிலிருந்து எதையும் சொல்ல முடியாது, போ என்பார். என் எலிக்கே அந்த நியாயம் கிடைக்கிறது. உனக்குக் கிடைக்க வேண்டாமா? உன் உடம்பை நீ சட்டி என்கிறாய். அதற்கு ஆதாரம் இல்லை அக்கா. இதை உன் தங்கையாகச் சொல்லவில்லை, படித்தவளாகச் சொல்கிறேன். நீ பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு சோப்ரொனுக்கு வேலைக்குப் போனதால்தான் நான் படித்தவள் ஆனேன். அந்தப் படிப்பு உனக்கு மட்டும் பயன்படக் கூடாது என்றால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

வில்மா அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. அவரிடம் நீ இதைச் சொல்ல வேண்டாம், கெல்லேர்ட் அத்தானும் சொல்ல வேண்டாம். அவருக்கு அது ரத்த அழுத்தத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து, அவர் அதை நிறுத்திவிடக் கூடாது. தான் உனக்குத் தீங்கு செய்துவிட்டதாக அவர் ஒருமுறை நினைத்துவிட்டால் பிறகு அந்த நினைப்பை அவர் மனசிலிருந்து எடுக்கவே முடியாது. ஈஸ்டருக்கு மறுபடி டப்பா வரும். அப்போது, சரோல்தா கூடாதுன்னுட்டா, அவளுக்குப் படிச்ச திமிர் என்று என்மேல் போட்டுவிடு. நான் வாங்கிக்கொள்கிறேன். என்னைப் பற்றி ஏற்கெனவே கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறார்கள், நான் பேசாததால்.

உன் களைப்பு எனக்குத் தெரிகிறது. நீ இனி வேண்டாம் என்று சொன்னால், ஊசியும் காத்திருப்பும் போனைப் பார்த்துப் பயப்படுவதும் போதும் என்று சொன்னால், அதை நான் மதிக்கிறேன். உன் உடம்பு, உன் முடிவு. அப்படி நீ கையெழுத்துப் போட்டால் அம்மாவிடம் நானே சொல்கிறேன், அந்தப் பாரத்தை நீ சுமக்க வேண்டாம். ஆனால் போதும் என்பதற்காகப் போடு. நான் உதவாதவள் என்பதற்காகப் போடாதே. இரண்டும் வேறு வேறு.

இங்கே திஸ்ஸா ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. கரையோரத்து மரங்கள் முழங்கால் அளவு நீரில் நிற்கின்றன. எனக்கு மே மாதம் தேர்வு. நன்றாகச் சாப்பிடுகிறேன், அத்தை கொடுத்த சாசேஜ் இன்னும் மீதி இருக்கிறது. கெல்லேர்ட் அத்தானுக்கு என் அன்பைச் சொல். உன் காலை உயரத் தூக்கி வைத்துத் தூங்கு, வீங்கினால் டாக்டரிடம் காட்டு. நீ எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் உனக்கு மனநிம்மதி கிடைக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். கேட்பதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன், ஆனாலும் இதுவரை கை வரவில்லை. நீ டாக்டரிடம் போகும் தேதியை எனக்குச் சொல். நான் சோப்ரொனுக்கு வருகிறேன். கொர்னேலியா மேடமிடம் விடுப்புக் கேட்டுவிட்டேன். என்னை வெளியே உட்கார வைத்துவிடாதே, உன்னோடு உள்ளே கூட்டிக்கொண்டு போ. நீ பேசவே வேண்டாம், சும்மா பக்கத்தில் உட்கார்ந்திரு. இத்தனை வருடம் எனக்காக நீ பேசினாய். அந்த அறையில் உனக்காக நான் பேசுகிறேன். வராதே என்று மட்டும் சொல்லிவிடாதே, அக்கா.

உன் பிரியமுள்ள தங்கை,
சரோல்தா